இருபத்தேழாம் தேதித் தாள்

வியாராவின் கடைக்கு வருகிறவர்கள் மை தீர்ந்த டப்பாவோடுதான் வருவார்கள். அந்தப் புதன்கிழமை காலை வந்த பெண்ணின் கையில் எதுவும் இல்லை. மணிக்கட்டில், வசந்தத்தை வரவேற்க மார்ச் முதல் தேதி ஊர் வழக்கப்படி கட்டிய சிவப்பு வெள்ளை நூல் மட்டும் இருந்தது.

"நீங்கதானே முன்னாடி போலீஸ்ல தாள், கையெழுத்தெல்லாம் பார்த்துச் சொன்னவங்க?"

"பதினெட்டு வருஷம். இப்போ பிரிண்டருக்கு மை ஊத்தறேன். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பெயர் நெவேனா. முப்பது வயது இருக்கும்.

"எங்க ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்திருக்கு அக்கா. நான்தான் செஞ்சேன்னு சொல்றாங்க. நான் செஞ்சேனான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

மூலையில் அமர்ந்து மை டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்த பனாயோத் தலையைத் தூக்கினார். வியாராவின் இறந்துபோன கணவருக்கு அவர் தம்பி. தலைக்கு மேலே மின்கம்பி பிடித்து ஓடும் பஸ்ஸை ஓட்டியவர். ப்ளோவ்திவ் நகரத்தில் அந்தக் கம்பிகளைக் கழற்றிய பிறகு இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தவர், இன்னும் எழவில்லை.

"செய்யலன்னு நிரூபிக்கணும்னு சொல்லும்மா" என்றார்.

"இல்லண்ணே. எனக்கே தெரியல. அதான் வந்தேன்."

பனாயோத் துணியைக் கீழே வைத்தார். வியாரா மட்டும் அசையவில்லை. "முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

நெவேனா தட்டையான குரலில் சொன்னாள். இணையப் பக்கங்கள் செய்யும் சின்ன நிறுவனம் அது. முதலாளி ஓக்னியான், அடுத்து யாவொர், பிறகு அவள், மொத்தம் மூன்று பேர். ஒரு பல் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர், முன்பதிவுகளின் பாதுகாப்பு நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அலுவலகத்தின் உள்பக்கத்தில் தன் பெயரைப் போட்டு டிக் செய்ய வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் காகிதம்தான் கேட்பார்கள். அதனால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்க்க வேண்டும். மற்ற சின்னச் சின்ன வேலைகளுக்கும் அதே பக்கம், அதே மாதிரித் தாள்.

"இந்த மூணாம் தேதி அந்த முன்பதிவுப் பக்கம் முடங்கிடுச்சு. நகலை எடுத்துப் போடலாம்னு திறந்தா காலி. அறுநூறு பேரோட முன்பதிவு போச்சு. பிப்ரவரி இருபத்தேழாம் தேதித் தாள்ல 'நகல் சரி, பார்த்தது நெவேனா'ன்னு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள என்னை ஒழுங்கு நடவடிக்கையில நீக்கிடுவாங்க. அது வேலைப் பதிவுல ஏறிடும். அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான்."

"அன்னைக்கு உன் முறையா?"

"எங்களுக்கு முறையெல்லாம் ஒழுங்கா கிடையாது. 'இந்த வாரம் நீ பாத்துக்க'ன்னு வாயால மாத்திக்குவோம். அன்னைக்கு எனக்கு ஞாபகம் இருக்கறது முன்பதிவுப் பக்கத்துல ஒரு பட்டன்தான். கம்ப்யூட்டர்ல நடுவுல இருக்கு. மருத்துவமனை டாக்டரோட போன்ல மட்டும் கோவிச்சுக்கிட்டு ஓரமா போய் நிக்குது. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதோட சண்டை. நடுவுல டிக் போட்டிருக்கலாம். எத்தனையோ டிக் போட்டிருக்கேன் அக்கா. ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

"யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லாதா?"

"ஊருக்கெல்லாம் செய்யற பக்கத்துக்கு அதெல்லாம் உண்டு. எங்க உள்பக்கத்துல எழுதறதுக்குக் கிடையாது. மூணு வருஷம் முன்னாடி ஒரு மத்தியானம் அவசரமா செஞ்சது. யார் வேணா என்ன பேர் வேணா போடலாம். அதனாலதான் தாளைப் பாருங்கன்னு வந்தேன்."

மறுநாள் மூவரும் அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். ரொட்டிக் கடைக்கு மேலே ஒரே அறை. கீழிருந்து பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா ரொட்டி வேகும் வாசம் வந்தது. அங்கிருந்தவர்கள் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஓக்னியான் பெரிய உருவம், தூக்கம் போதாத கண்கள். கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"தாராளமா பாருங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

யாவொர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளி வைத்துக்கொண்டான்.

பனாயோத் வியாராவின் காதருகே குனிந்தார். "அண்ணி, இவன்தான். சாட்சிக் கையெழுத்து இவனுதாத்தான் இருக்கும். மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சிய வச்சுப் பாத்தா உங்களைத்தான் முதல்ல பிடிக்கணும்" என்றாள் வியாரா.

இருபத்தேழாம் தேதித் தாளை அவள் எடுத்தாள். தேதி, வேலை, பார்த்தவர் பெயர் எல்லாம் அச்சில். கீழே பேனாவில் யாவொரின் கையெழுத்து.

"அச்சடிச்ச நேரம் மேல ஓரத்துல தானா விழுமே, அது எங்க?"

"நான்தான் மறைச்சு வச்சேன், போன வருஷமே" என்றாள் நெவேனா. "அசிங்கமா இருக்குன்னு."

"இது எந்தப் பிரிண்டர்ல எடுத்தது?"

"இங்க இருக்கறதுல" என்றார் ஓக்னியான். "வீட்டிலேர்ந்து வேலை செய்யற நாள்ல அவங்கவங்க வீட்டுல எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை நெவேனா இங்க வருவா. அன்னைக்கு இதுல எடுத்து வச்சிருக்கா."

மூலையில் இருந்தது கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் பிரிண்டர். வியாரா அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கோப்பின் மற்றத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பனாயோத் ஒரு தாளில் விரலை வைத்தார்.

"இது என்ன, கத்தரிக்கா கலர்ல?"

"என்னுது. மார்ச் ஒண்ணாம் தேதி" என்றாள் நெவேனா. "வீட்டுப் பிரிண்டர்ல கறுப்பு தீர்ந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை. கலர் மை எல்லாம் நிறைய இருக்கு, ஆனா கறுப்பு எழுத்து வராது. அதனால எழுத்தோட நிறத்தையே கருநீலமா மாத்தி எடுத்தேன்."

"அட, பலே ஆளு. பெட்ரோல் இல்லன்னா சோடாவ ஊத்தி ஓட்டற கதை" என்றார் பனாயோத்.

வியாரா சிரிக்கவில்லை. அடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டாம் தேதி, யாவொருடையது. அதுவும் கருநீலம்.

"தம்பி, உன் வீட்டுலயும் கறுப்பு தீர்ந்துடுச்சா?"

யாவொர் இன்னொரு காதையும் விடுவித்தான். "இல்லையே. போன மாசம்தான் புதுசு போட்டேன். ஏன்?"

"உன் தாள் நீலமா இருக்கு."

அவன் வாங்கிப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். "கவனிக்கல. பிரிண்டர் ஏதாவது பண்ணும். அதுகிட்ட யார் கேக்கறது."

வியாரா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, லேசரில் வந்த தாள்களை மட்டும் தனியாகப் பிரித்தாள். பனாயோத் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"நெவேனா, நிறத்தை எங்க மாத்தின?"

"அச்சுல எப்படி வரணும்னு எழுதியிருக்கற இடத்துல." சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாகத் தொடர்ந்தாள். "எல்லா உள்பக்கத்துக்கும் அது ஒண்ணுதான். என் கம்ப்யூட்டர்ல மட்டும் மாத்தி, எடுத்து முடிச்சதும் திருப்பி மாத்தணும்னு நினைச்சேன். அப்புறம் அந்தப் பட்டனைச் சரி பண்ணி, எல்லாருக்கும் பொதுவான சர்வருக்கு அனுப்பினேன்."

"இதுவும் சேந்து போயிடுச்சு."

"போயிருக்கு." அவள் முகம் சிவந்தது. "அன்னைலேர்ந்து யார் எடுத்தாலும் நீலம். பத்து நாளா யாருமே பாக்கல. நானும்தான்."

"எத்தனை மணிக்கு அனுப்பினன்னு தெரியுமா?"

நெவேனா அருகிலிருந்த கணினியில் தேடினாள். "நிறம் மாத்தின கம்ப்யூட்டர் கோப்புல எப்போ அனுப்பினதுன்னு பதிவு இருக்கு. மார்ச் ஒண்ணு, சாயங்காலம் ஏழு நாற்பது."

"அப்போ அதுக்கு முன்னாடி அச்சான தாள் எல்லாம் கறுப்பு கேட்டு வந்தது. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் நீலம் கேட்டு வந்தது."

"ஆனா அண்ணி, இருபத்தேழாம் தேதித் தாள் கறுப்பால்ல இருக்கு" என்றார் பனாயோத்.

"கொஞ்சம் வெளிறின கறுப்பு. இந்தாங்க, கண்ணாடில பாருங்க."

அவர் பார்த்தார். "எழுத்துக்குள்ள ஊசியால குத்தின மாதிரி இருக்கு. வெள்ளை வெள்ளையா புள்ளி."

"இப்போ இது, இருபத்தாறாம் தேதி, இதே பிரிண்டர்."

"சுத்தமான கறுப்பு."

"இது நாலாம் தேதி."

"மறுபடியும் புள்ளி."

ஓக்னியான் முதல் முறையாகக் குறுக்கிட்டார். "டோனர் பொடி குறைஞ்சிருக்கும்."

"குறைஞ்சா பட்டை பட்டையா வெளிறும், புள்ளி வராது. தன்கிட்ட இல்லாத நிறத்தைக் கேட்டா கறுப்புப் பிரிண்டர் என்ன செய்யும்? கறுப்பைப் புள்ளியா உடைச்சு அந்த நிறம் மாதிரி காட்டும். இந்தத் தாளை அடிக்கும்போது பக்கம் நீலம் கேட்டிருக்கு. அதனால இது இருபத்தேழாம் தேதி அடிச்சதே இல்ல. ஒண்ணாம் தேதி சாயங்காலத்துக்கு அப்புறம், இந்த ரூம்ல அடிச்சது. வார நாள்ல இங்க யார் இருப்பாங்க, யாவொர்?"

"முதலாளி மட்டும்தான். வியாழக்கிழமை கையெழுத்துப் போட மட்டும் நான் வருவேன்."

"நீ கையெழுத்துப் போட்டது எப்போ?"

"போன வியாழக்கிழமை மொத்தமா போட்டேன். அவர் கட்டா வைப்பாரு, நான் மேலேர்ந்து கீழ போட்டுக்கிட்டே போவேன். என் சாவு சர்டிபிகேட்டை நடுவுல வச்சிருந்தாலும் போட்டிருப்பேன்."

வியாரா தாளை மேசையில் வைத்து ஓக்னியானின் பக்கம் திருப்பினாள். "முதல்ல இருந்த தாள்லயும் நெவேனா பேர்தான் இருந்ததுன்னா, மறுபடி அடிக்க வேண்டிய அவசியமே இல்ல. அதுல வேற பேர் இருந்திருக்கு. யார் பேருன்னு நான் சொல்றதா, நீங்க சொல்றீங்களா?"

கீழே கடையில் யாரோ அடுப்புத் தட்டைப் போட்டார்கள். ஓக்னியான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முறை" என்றார். "ஆறு மாசமா என் முறை வந்தப்பல்லாம் திறந்து பாக்காமலே டிக் போட்டுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் சரியாத்தானே இருக்கும்னு. மூணாம் தேதி சாயங்காலம் பேரை மாத்தி அடிச்சேன். முதலாளியே பாக்கலன்னா ஒப்பந்தம் போயிடும். ஆள நீக்கியாச்சுன்னு சொன்னா நிக்கும்."

"அதுக்கு ஏன் நான்?" என்றாள் நெவேனா. குரல் உயரவில்லை.

"யாவொர்கிட்ட கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பான். உன்கிட்ட கேட்டேன். ஞாபகம் இல்லன்னு சொன்ன."

ஓக்னியான் நடவடிக்கையைக் கைவிட்டதாக ஒரு கடிதமும் மருத்துவமனைக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதமும் வியாராவின் முன்னாலேயே அதே உள்பக்கத்தில் எழுதினார். இரண்டும் லேசரில் புள்ளி புள்ளியாக வந்தன.

படியிறங்கும்போது பனாயோத் கேட்டார். "உன்னைக் காப்பாத்தினது உன் தப்பேதான், பாத்தியா? எப்படி இருக்கு இப்போ?"

"ஒண்ணும் தோணலண்ணே" என்றாள் நெவேனா. கொஞ்ச தூரம் நடந்து, "நான் செய்யல" என்றாள், கணக்கின் விடையைச் சரிபார்க்கிறவளைப் போல. "அக்கா, கறுப்பு மை ஒண்ணு வேணும்."

வியாரா கடையைத் திறந்து கொடுத்தாள்.

மறுநாள் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. காலையில் நெவேனா ஒரு மாத அறிவிப்பு கொடுத்து விலகல் கடிதம் அனுப்பினாள். பிறகு யாவொருக்குச் செய்தி அனுப்பினாள்: இந்த வாரம் நான் பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பாதுகாப்பு நகலைத் திறந்தாள். முழுதாக விரிய நாற்பத்தொரு நிமிடம் ஆனது. வேறு எதையும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தேதிக்குப் பிறகு சேர்ந்த முன்பதிவுகள் வரிசையாக வந்தன. பல் பிடுங்க, வேர் சுத்தம் செய்ய, ஒரு குழந்தைக்கு முதல் பல். எல்லாம் இருந்தன.

அச்சு நிறத்தை மறுபடி கறுப்பாக்கி அனுப்பினாள். புது மையைப் பிரிண்டரில் பொருத்தினாள். அச்சிடச் சொன்னாள். பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஒரு வரி காட்டியது: நீலம் தீர்ந்துவிட்டது, மாற்றும்வரை அச்சிட முடியாது.

பத்து நாள் கருநீலத் தாள்கள் அதைக் குடித்திருந்தன.

நெவேனா தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவை எடுத்து எழுதினாள்.

மார்ச் 13. திறந்து பார்த்தேன். நகல் சரி. நெவேனா.