கீறிய மண்டையோடு

அவள் ஓவியரின் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை இருட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரத்தாள் வாடை, மை வாடை. சுவர் முழுக்க அச்சடித்த மண்டையோடுகள். பூ வைத்தது, கறுப்புக் கண்ணாடி போட்டது, சிகரெட் பிடிப்பது. அந்த வரிசைக்கு ஓவியர் வைத்த பேர், 'மரணத்தோடு ஒரு தேநீர்'. ரெண்டு தும்மல் போட்டாலே டாக்டரிடம் ஓடுகிற மனுஷன். சாவு அவருக்கு வரவேற்பறைச் சாமான்.

கடைசி மண்டையோடு மட்டும் கற்பனையில்லை. அவருடைய கண்காட்சிக்குச் சாரம் கட்டும்போது விழுந்து செத்த அவள் அண்ணனுடையது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை யாரையும் கேட்காமல் எடுத்துவந்து, நெற்றி விரிசலோடு செப்புத் தகட்டில் செதுக்கிவிட்டார். கையெழுத்து மட்டும் சொந்தம்.

பேசிய எண்ணிக்கையில் படங்கள் அடித்ததும் தகட்டைக் கீறிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கீறிவிட்டால் அப்புறம் அதில் புதிதாக அடித்து விற்க முடியாது. அண்ணனை விடுவிக்கும் அந்த ஒரு கீறலுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

"கீறல் இப்ப வேணாம்மா," என்றார் ஓவியர், தேநீரை உறிஞ்சியபடி. "உங்கண்ணன் நல்லாப் போறாரு. இன்னும் கேக்கறாங்க."

"செத்தவனை எத்தனை தடவை சார் சாகடிப்பீங்க?"

"இது கலை. உனக்குப் புரியாது."

அவள் எஃகு ஊசியை எடுத்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு. செம்பு கிறீச்சிட்டது.

ஓவியர் பதறவில்லை. கண்ணில் ஆசை மின்னியது. "அட! அப்படியே ஒண்ணு அடி. கீறின தகடுன்னா கிராக்கி இன்னும் ஏறும்."

"நீங்களே அடிச்சுக்குங்க."

அவரே மை பூசித் துடைத்தார். அச்சு எந்திரத்தில் தகட்டை வைத்து, ஈரத்தாளைப் பரப்பி, அழுத்தம் சீராக விழ அதன்மேல் கம்பளியைப் போர்த்தினார். பிணத்தை மூடுவதுபோலவே இருந்தது. சக்கரத்தைச் சுற்றினார்.

பாதியில் நின்றது.

கம்பளி மெல்ல மேலெழுந்தது. தாழ்ந்தது.

"ஏம்மா... நீ தொட்டியா?"

"நான் இங்க நிக்கிறேன் சார்."

அடியிலிருந்து ஓர் இருமல். சிமெண்டுத் தூசி அடைத்த வறட்டு இருமல். அவள் வீட்டில் வருஷக்கணக்காகக் கேட்ட இருமல்.

ஓவியர் கம்பளியை விலக்கித் தாளை உரித்தார்.

தாளில் கீறலைக் காணோம். நெற்றி விரிசலையும் காணோம்.

அவர் நிமிர்ந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை அவர் முகத்தில் ஒரு கறுப்புக் கோடு. கைக்குட்டையால் துடைத்தார். கோடு ஆழமானது.

"போயிடுச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"கலை சார். லேசுல போகாது."

முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் மழையில் இறங்கி ஓடினார்.

அவள் தகட்டையும் தாளையும் பைக்குள் திணித்தாள். காலியான எந்திரத்தின்மேல் கம்பளியை விரித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பூட்டப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

கம்பளி மேலெழுந்தது. தாழ்ந்தது. அயர்ந்து தூங்குகிறவனின் மூச்சு.

அவள் திரும்பிப் போய், கால்மாட்டில் விலகியிருந்த ஓரத்தை இழுத்து மூடிவிட்டு, விளக்கை அணைத்தாள்.