ஐந்து உலை, ஐந்து பிடி

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரம். அடுக்களையில் நான்கு பேர் இருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் பதினொரு வயது ஜெயபாய். அவளுக்கு எதிரே, அம்மிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான் தம்பி செல்வன். சுவரோரம் ஓலைப்பாயில் சாய்ந்தபடி அம்மா ரத்தினம். அம்மாவின் மடியில், பிறந்து இருபது நாளான பாப்பா.

அப்பா ஜான்ரோஸ் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். இரண்டு மாதமாக மணியார்டரும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஜெயபாய் அவருக்கு இரண்டு கடுதாசி எழுதிவிட்டாள். பதில் இல்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததால் சமையல் ஜெயபாயின் கைக்கு வந்திருந்தது. வாரத்துக்கு ரேஷன் அரிசி பதினான்கு உழக்கு. பகலில் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரிக்கு மட்டும் கஞ்சி. ராத்திரிக்கு இரண்டு உழக்கு வீதம் ஏழு ராத்திரிக்குச் சரியாக இருக்கும்.

தொட்டுக்கொள்ள என்னவென்று சிலேட்டில் எழுதி மாட்டியிருந்தாள். திங்கள் பயறு. செவ்வாய் சாளை மீன். புதன் முருங்கைக்கீரை. வியாழன் துவையல். வெள்ளி சுட்ட பப்படம். சனி மறுபடியும் கீரை. ஞாயிற்றுக்கு நேரே செல்வன் தன் கையால் ‘பெரிய மீன்’ என்று எழுதிவைத்திருந்தான். அவளுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை.

இன்றைய கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயபாய் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். நான்கு உழக்கு மீதி இருக்க வேண்டும். அரை உழக்குகூடத் தேறவில்லை.

“ஏலே, அரிசிய வாரித் தின்னியா?”

“நான் ஒண்ணும் தின்னல.”

“பின்ன எலியா தின்னுச்சு?”

“எலிகிட்ட கேட்டா அது பேசாதுல்லா. அதான் எங்கிட்ட கேக்க!”

ஜெயபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ரேஷன் கடை இனி திங்கட்கிழமைதான் திறக்கும். அம்மா கஞ்சி குடித்தால்தான் பாப்பாவுக்குப் பால். நேற்றே பாப்பா நெடுநேரம் அழுது, களைத்துப்போய்த்தான் தூங்கியது.

மூலையில் பிடியரிசிப் பானை இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம், உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவது கிறிஸ்தவச் சபையார் வீடுகளில் வழக்கம். சனிக்கிழமை காலையில் சபையிலிருந்து பூங்கனியக்கா வந்து வேதக்கோயிலுக்கு வாங்கிப்போவார். ஜெயபாய் ஐந்து உலைக்கு ஐந்து பிடி போட்டிருந்தாள். இப்போது தூக்கிப் பார்த்தால் பானை கனத்தது. கழுத்துவரை அரிசி.

செல்வன் அம்மியிலிருந்து மெல்ல இறங்கினான். “தெனமும் நான் ரெண்டு பிடி போட்டேன்.”

“ரெண்டா?”

“ஒண்ணு அப்பா கடுதாசிக்கு. ஒண்ணு மணியார்டருக்கு.”

“அதுக்கு இவ்வளவு வராதே!”

பாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நானும் போட்டேன் மக்கா. நீ தண்ணி கோரப் போன நேரத்துல. அவருக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாதுன்னு.”

ஜெயபாய் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளும் ஒவ்வொரு பிடிக்கும் அப்பாவை நினைத்துத்தான் போட்டிருந்தாள்.

“இதுலேருந்து எடுக்கட்டா அம்மா?”

“ஏட்டி, வேண்டாம்! பானைல போட்டா அது சபைக்குள்ளது. நேர்ந்து போட்டதத் திருப்பி எடுத்து, அங்க அவருக்கு என்னமாவது...”

ஜெயபாயின் கை பின்வாங்கியது. அதே பயம் அவளுக்கும் இருந்தது. பாப்பா விழித்துச் சிணுங்கியது. அந்தச் சிணுங்கலில் பலமே இல்லை.

ஜெயபாய் பானையை அம்மாவின் அருகே கொண்டுபோய் வைத்தாள்.

“உலைக்கு ஒரு பிடிதானே அம்மா வழக்கம்? உலைல போடுற அரிசில இருந்துதானே எடுக்கணும்? நீங்க ரெண்டுபேரும் போட்டது நாளைக்கு உள்ள கஞ்சி. அப்பா வந்து, ‘எனக்காவ பிள்ளையளப் பட்டினி போட்டியா’ன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

அம்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

“உன் கை சின்னது. எங்கையால அளக்கேன்.”

ஒரு சுளகில் ஐந்து பிடி விழுந்தது, ஒவ்வொன்றும் நிறைபிடி. மீதியை ஜெயபாய் உழக்கால் அளந்தாள். ஞாயிறுவரை வரும். பெரிய மீன் மட்டும் வராது.

மறுநாள் பூங்கனியக்கா வந்து ஐந்து பிடியையும் வாங்கிப்போனார். அஞ்சல்காரர் வாசலில் நிற்காமல் போனார்.

அன்று சாயங்காலம் ஜெயபாய் மூன்றாவது கடுதாசி எழுதினாள். இந்த முறை அப்பாவுக்கு இல்லை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு. ‘ஜான்ரோஸ் என்பவர் அங்கே இருக்கிறாரா, சுகமாக இருக்கிறாரா என்று மட்டும் எழுதுங்கள். பாப்பா பிறந்ததை அவரிடம் சொல்லுங்கள்.’

“மணியார்டர்னு எழுதலியா?” என்றான் செல்வன்.

“மொதல்ல ஆளு இருக்காரான்னு தெரியட்டும்லே.”

ஒட்டுவதற்குப் பசை இல்லை. செல்வன் தன் கஞ்சியில் துழாவி, நன்றாக வெந்த ஒரு பருக்கையை எடுத்து நீட்டினான். ஜெயபாய் அதை நசுக்கித் தடவி, உறையை ஒட்டி, அழுத்திப் பிடித்தாள். தெருமுனை அஞ்சல் பெட்டி செல்வனுக்கு எட்டாது. அவள் தூக்கிப் பிடிக்க, அவன் உள்ளே போட்டான்.

“விழுந்துட்டா?” என்று கேட்டாள்.

“விழுந்துட்டு அக்கா. சத்தம் கேட்டேன்.”