இடுப்பில் பிடிக்கிறது

வருடம் முழுவதும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த உடுப்பு ஈரமாக இருந்தது. துணியைத் தொட்டதுமே என்ன ரகம் என்று சொல்லிவிடுகிற தையல்காரிக்கு இது மட்டும் பிடிபடவில்லை. வெளியே சாக்குத்துணியில் வெட்டித் தைத்த செதில்கள் காய்ந்து மொறமொறவென்று இருக்க, உள்ளே கையை விட்டால் லைனிங் வெதுவெதுப்பாக, வழவழவென்று விரலிடுக்கில் ஒட்டியது. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. மீன் நாற்றமாக இருந்தால் சகித்திருப்பாள், கடலோரத்தில் குடியிருந்துகொண்டு அதற்கு மூக்கைப் பொத்த முடியுமா என்ன. இது வேறு. பல நாள் கட்டுப் பிரிக்காத புண்ணின் வாடையும் அக்குளின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் இறங்கியது. கையை வெட்டுத்துணியில் துடைத்தாள், இன்னொன்றில் துடைத்தாள், சோப்புப் போட்டும் கழுவினாள். போகவில்லை.

ஊரின் ஆண்டு விழாவில் ஊர்வலத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகும் பெரிய மீன் அது. உள்ளே ஒரு ஆள் இருப்பார்.

"துவைச்சுத் தரட்டுமாங்க?" என்று காலையில் கேட்டபோது விழாக் குழுச் செயலாளர் பதறிப்போனார்.

"தண்ணியே படக்கூடாதும்மா. தம்பி அளவுக்கு மட்டும் சரி பண்ணுங்க. நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்."

இந்த வருடம் மீன் அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயது, அன்றிலிருந்து அவள் கையில் வளர்ந்தவன். 'ஒல்லி' என்று சொன்னால்தான் தெருவில் அவனைத் தெரியும். காற்றடித்தால் சட்டைதான் நடக்கும், ஆள் உள்ளே இருக்கமாட்டான் என்று அவளே கிண்டல் செய்வாள். இந்த ஊருக்குக் குடிவந்து இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், போன வாரம் வீடு தேடி வந்து அவனைக் கேட்டார்கள். அவன் கால் தரையில் படவில்லை. அவளுக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

போன வருடம் ஆடியது பேக்கரிக்காரர். வயிறு முதலில் வந்து, ஆள் பின்னால் வருகிற உடம்பு. விழா முடிந்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பேச்சு. அவர் போட்டதைப் பாதியாகச் சுருக்கினால்தான் ஒல்லிக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டபடி, மூன்று மணிக்குத் தம்பியை உள்ளே இறக்கி, முதுகில் கொக்கிகளை மாட்டினாள்.

"பிடிக்குதுக்கா."

"எங்கடா?"

"இடுப்புல."

தையல்கடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். உள்ளே மடித்திருந்த துணியைப் பிரித்து ஒரு அங்குலம் விட்டாள்.

"இப்ப?"

"இன்னும் பிடிக்குது."

"மத்தியானம் என்னத்தடா அப்படித் தின்ன?" சிரித்துக்கொண்டே இன்னொரு அங்குலம் விட்டாள். பேக்கரிக்காரரின் வயிறு கொண்ட இடம் இவனுக்கு எப்படிப் போதவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அளவு சரியில்லை என்றால் பிரிப்பதும் விடுவதும்தானே அவளுக்குத் தெரியும்.

"கையும் பிடிக்குதுக்கா. மெதுவா, விட்டு விட்டு."

வலது கைப்பகுதியின் ஓரத்தை மடித்துப் பார்த்தாள். லைனிங்கில் முடி இருந்தது. ஒட்டியிருந்த முடி இல்லை, முளைத்திருந்த முடி. அதற்கு நடுவே பளபளப்பாக நான்கு கோடுகள், அடுப்புத் தட்டு சுட்ட தழும்புகள். தினமும் காலையில் ரொட்டிப் பொட்டலத்தை நீட்டிய பேக்கரிக்காரர் கையில் அந்த நான்கையும் எத்தனை தடவை பார்த்திருப்பாள். தழும்பின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது. அடியில் ஏதோ துடித்தது.

வாய் நிறையப் புளித்தது. எட்டி ஜன்னலோரம் துப்பினாள்.

"அக்கா, கழட்டு. மூச்சு முட்டுது."

கொக்கிகள் கழன்றன. முதுகு ஒரு சாண் விரிந்தது. அவன் போட்டிருந்த நீலச் சட்டையைக் காணவில்லை. தோல் இருந்தது. அவன் தோல். அதை ஒட்டி லைனிங். எது எங்கே முடிகிறது?

நகத்தால் நெம்பினாள். ஓரம் கிடைக்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய தையல் கோட்டின் மேல், சாக்குச் செதில்களைப் பார்த்துப் பார்த்து, அவன் உடம்பைவிட்டு நாலு விரல் தள்ளித்தான் வெட்டினாள்.

அவன் அலறினான்.

"என்னை வெட்டாதக்கா."

"துணியத்தாண்டா வெட்டினேன்."

சாக்கு விளிம்பில் ரத்தம் கட்டி, சொட்டி, இஞ்ச் டேப்பை நனைத்தது. வெட்டுத்துணிகளை அள்ளி வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. நாற்றம் மட்டும் ஏறியது.

மேளம் தெருமுனை திரும்பியது. கதவைத் தட்டாமல் செயலாளர் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

"பிரிக்கப் பாத்தீங்களா? தச்சிடுங்கம்மா. தைக்காம ரத்தம் நிக்காது."

"ஆஸ்பத்திரிக்கு..."

"அவ்வளவு தூரம் தாங்கமாட்டான். நீங்களே தைங்க. உங்க தையல் சுத்தம்னுதானே தம்பியக் கேட்டோம்."

தம்பி வெளுத்துக்கொண்டே போனான். வேறு வழி தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்தாள். அழுகையில் மூன்று தடவை தவறியது. விளிம்போடு விளிம்பு சேர்த்தாள். பொடித் தையல். நெருக்கமாக. ரத்தம் அடங்கியது. முதுகு மூடியது. கழுத்து மூடியது.

"வலிக்குதாடா?"

மீன் வாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. குரல் அவன் குரல்தான். அடியில் இன்னும் பல குரல்கள்.

"இல்லக்கா. பிடிச்சிருக்கு."

வாசலில் ஊர் கைதட்டியது. அவள் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தாள். உதட்டின் கீழ், காய்ந்த சாக்குச் செதில்கள் சிலிர்த்து, ஒவ்வொன்றிலும் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.