பெல்லமிச் சரிவின் அடியில்

வண்டி நிறுத்துமிடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கொரின் தன் மார்புப் பட்டையிலிருந்து பீக்கனை எடுத்து, தேடும் நிலைக்கு மாற்றி, எதிரே நின்ற நாத்தனார் ஷெல்பியை நோக்கி நீட்டினாள். பனிச்சரிவில் யாராவது புதைந்துபோனால் கண்டுபிடிக்க உதவும் கைக்கடக்கமான கருவி அது. பக்கத்தில் எத்தனை பீக்கன்கள் சிக்னல் அனுப்புகின்றன என்றும் சொல்லும். ஒன்று என்று காட்டியிருக்க வேண்டும். இரண்டு என்றது.

“உன் போன் எங்க இருக்கு?”

“சட்டைப்பைல. ஏன் அண்ணி, நான் ரெட்டையாத் தெரியிறேனா?”

“விளையாடாத. தள்ளி வை.”

ஷெல்பி போனை முதுகுப்பைக்குள் போட்டாள். எண் ஒன்றானது. போன் பக்கத்தில் இருந்தால் சில சமயம் அப்படி ஆகும். கொரினுக்கு அது தெரியும். ஆனாலும் பெட்ரோல் புகையும் ஊசியிலை மரங்களின் பிசின் வாசனையும் கலந்த அந்தக் குளிரில், அவள் இன்னும் ஒரு நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன பிப்ரவரியில் இதே இடத்தில் அவள் கணவன் ஆர்வின் பீக்கனைச் சரிபார்க்கலாம் என்றபோது, “நூறு தடவை பாத்தாச்சு, வெளிச்சம் போகுது, வா” என்று அவசரப்படுத்தியவள் அவள்தான். அவன் கையிலிருந்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பனிவண்டியில் ஏறினான். அவனுடைய பீக்கன் டிரக்கின் கதவுப் பையிலேயே கிடந்தது. பெல்லமிச் சரிவு அவனை இழுத்துக்கொள்ள நான்கு நொடி ஆனது. ஊமையாய்க் கிடந்த கருவியைப் பிடித்தபடி கொரின் இரண்டு மணி நேரம் அந்தப் பனிமேட்டில் தவழ்ந்தாள். ஜூனில் பனி உருகியபோது உடல் கிடைத்தது. “உடனே உயிர் போயிருக்கும்மா” என்றார் மருத்துவர், அவள் முகத்தைப் பார்க்காமல். அவளும் திருப்பிக் கேட்கவில்லை. ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் சரிவின் அடிவாரத்தில் சிவப்புக் கொடிக் கம்புகளை நட்டு வருகிறாள், வேறு யாரும் உள்ளே போய்விடக்கூடாது என்று. அவளைத் தனியாக அனுப்ப ஷெல்பிக்கு மனம் வருவதில்லை.

காட்டு விளிம்பில் பனிவண்டிகளின் எஞ்சின்களை அணைத்தபோது மதியம் இரண்டரை. மூடுபனியில் மலையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டிருந்தன. ஆறு நாள் விடாமல் பெய்த பனி ஒலியையெல்லாம் விழுங்கிவிட்டு, கொரினின் காதுக்குள் அவளுடைய ரத்தம் ஓடும் இரைச்சலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. வந்த இடத்தில் மறுபடி ஒரு சோதனை என்பது அவள் வைத்துக்கொண்ட விதி. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினாள்.

இரண்டு.

“உன்னோடத அணைச்சிடு, ஷெல்பி.”

அணைத்தாள். ஒன்று. முப்பத்தெட்டு மீட்டர். அம்புக்குறி சரிவைக் காட்டியது.

“தடமே இல்லையே அண்ணி,” ஷெல்பியின் குரல் இறங்கியது. “ஆறு நாளா இந்தப் பக்கம் யாரும் வரலை.”

“யாரோ உள்ள இருக்காங்கடி. ரேடியோல மீட்புக் குழுவுக்குச் சொல்லு. இங்கயே நின்னு மேல பாத்துக்கிட்டே இரு. பீக்கனை மறுபடி போட்டுடாத. சரிவு அசைஞ்சா கத்து.”

“நீங்க போகாதீங்க. பயமா இருக்கு.”

“எனக்கும்தான்.”

இடுப்பளவு பனியில் நீந்துவதுபோல் போனாள். இருபத்தாறு. பதினேழு. ஒவ்வொரு பீப் ஒலியும் முன்னதைவிடச் சற்று அவசரமாக வந்தது. மூச்சு வாங்க அவள் நின்றாள்.

பதினொன்று. ஒன்பது. ஏழு.

அவள் நகரவேயில்லை.

காலடியில் பனி லேசாகத் தாழ்ந்தது, யாரோ போர்வைக்குக் கீழே புரண்டு படுத்ததுபோல. மூன்று. ஒன்றரை. பிறகு எண் நின்றது. ஓடிவிடத் தோன்றியது. உயிரோடு ஒருவர் இருந்தால்? புதைந்தவரைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பைப் பொருத்திப் பனிக்குள் இறக்கினாள். ஒன்றரை மீட்டரில் எதிலோ பட்டது. கல் இல்லை, மண் இல்லை. மெத்தென்று இருந்தது.

ஷவலை எடுத்துத் தோண்டினாள். பக்கவாட்டில், வேகமாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி. வியர்வை முதுகில் ஓடிக் குளிர்ந்தது.

“அண்ணி! யாரு? ஆள் இருக்கா?”

ஆள் இல்லை. ஆள் கிடந்த இடம் இருந்தது. தோள், மடங்கிய கை, திரும்பிய தலை என்று ஓர் உடலின் வடிவில் வெற்றுக்குழி. முகம் இருக்க வேண்டிய இடத்தில், மூச்சு பட்டுப் பட்டு உருகி உறைந்த பனிக்கட்டியில், ஒரு முகத்தின் அச்சு. தாடி. ஹாக்கியில் உடைந்து இடதுபக்கம் வளைந்த மூக்கு. மூடிய உதடுகள்.

கையுறையைக் கழற்றி அந்தப் பனிக்கட்டியைத் தொட்டாள். ஒரு விரல் கனம். கண்ணாடித்தாள்போல மெலிதாக இருந்தால் சில நிமிடம் மூச்சு விட்டிருப்பார்கள். இந்தக் கனத்துக்குப் பல மணி நேரம் ஆகும்.

“இவ்ளோ நேரமா?” என்றாள். “நான் மேலதான் இருந்தேன், ஆர்வின். உன் மேலதான் நடந்தேன். இவ்ளோ நேரமா இருந்த?”

பீப் ஒலி நின்றுவிட்டது.

மேலே எங்கோ, கனமான எதையோ இறக்கி வைத்ததுபோல், தும் என்றது.

“அண்ணி, விரிசல் விடுது! ஓடி வாங்க! அண்ணி!”

கால் எழவில்லை. குழியின் ஓரத்திலிருந்த பனித்தூள் மெல்ல உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. உள்ளே. வெளியே. விரல்களில் வெதுவெதுப்பான காற்று பட்டது. காபி வாசனை.

கொரின் குனிந்து பார்த்தாள்.

பனிக்கட்டி அச்சில் உதடுகள் திறந்திருந்தன.