உரிமை வட்டம்

காலையில் வண்டி ஏறியதும் நான் செய்யும் முதல் வேலை, எந்தச் சட்டசபை உறுப்பினர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று திரையில் பார்ப்பது. ஆக்ஸிஜன் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். ஆம்புலன்ஸ் நர்ஸுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு.

அன்று எங்கள் தெரு மெர்சியின் கணவர் அருள்தாஸுக்கு நெஞ்சுவலி. மருந்து ஏற்றி, மெர்சியையும் கூட்டிக்கொண்டு, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். பாளை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் எங்கள் தானோட்டி வண்டி ஓரங்கட்டி நின்றுவிட்டது. எதிரே உறுப்பினர் இளம்பரிதி, பொன்னாடைக் கூட்டத்துக்கு நடுவே. திரையில் அவர் பெயரே இல்லை. கடைசி நேரத்தில் வந்திருக்கிறார்.

சபைக்குப் போகும் உறுப்பினரை யாரும் மறிக்கக் கூடாது என்பது பழைய சட்டம். இப்போது சபை அவர்களுடைய மூக்குக்கண்ணாடியிலேயே வருடம் முழுக்க நடக்கிறது. ஆகவே அவர் எங்கே நின்றாலும் சபைக்குப் போவதாகத்தான் அர்த்தம். அவரைச் சுற்றி உரிமை வட்டம். அதற்குள் அகப்பட்ட வண்டி அவர் விலகும்வரை அசையாது. கையால் ஓட்டலாம் என்றால் ஸ்டியரிங்கே கிடையாது.

இறங்கி ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பதறிப்போய், என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மூக்குக்கண்ணாடியிடம் சொன்னார். உரிமை சபையுடையது, தனி ஆள் விட்டுக்கொடுக்க முடியாது, வேண்டுமானால் தீர்மானம் கொண்டுவரலாம் என்றது அது. பிறகு செய்தார் பாருங்கள் ஒரு காரியம்! தள்ளியாவது விடுவோம் என்று ஆட்களோடு எங்கள் வண்டியை நோக்கி ஓடி வந்தார். அவர் கிட்டே வர வர வட்டத்தின் கெடுபிடி கூடி, கதவுகளும் பூட்டிக்கொண்டன. உள்ளேயிருந்து மெர்சி கதவைத் தட்டுகிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“சார், உதவி பண்ணாதீங்க. தூரமா ஓடிருங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத்தான் செய்தார். விவரம் தெரியாத கூட்டம் பாதி வழியில் மடக்கி மாலை போட்டது. ஒருவழியாக அவர் விடுபட்டு விலகி, கதவு திறந்து நான் ஏறியபோது அருள்தாஸுக்கு நாடி இல்லை.

ஆஸ்பத்திரியில் மெர்சி, கேஸ் போடலாமா என்று கேட்டாள். உறுப்பினர் மேல் போட முடியாது, வண்டியும் சட்டப்படிதான் நின்றது என்று சொல்ல எனக்கே வாய் கூசியது.

“அந்த மனுசன் ரோட்டுல நின்னு அழுததை நானும் பாத்தேன். அப்ப நான் யாரைத்தான்க்கா திட்டணும்?”

“சபையைத்தாம்மா.”

“அது எங்க இருக்கு? போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன்.”

சபைக் கட்டடத்தை இடித்து வருடக்கணக்காகிறது. போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?