வெளிச்சம் பட்டால் மரணம்!

ட்ரிங்ங்ங்...!

கட்டிலருகே இருந்த போன் அலறியது.

இருட்டில் தடவி, தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து, அதற்குப் பிறகே ரிசீவரைப் பிடித்தார் இன்ஸ்பெக்டர்.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் சாரா?" பெண் குரல். நடுங்கியது. "இன்னிக்கு உங்களைக் கொல்லப் போறாங்க!"

"என்னையா? வரிசையில நிக்கச் சொல்லும்மா. கேன்சர் முன்னாடியே வந்து இடம் பிடிச்சிருச்சு."

"விளையாடாதீங்க சார்! கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல... வெளிச்சத்தாலயே..."

டொக்! லைன் கட்டானது.

வெளியே நல்ல வெயில். ஆஸ்பத்திரியின் இந்த ஒரு அறையில் மட்டும் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. மூலையில் ஒரு பச்சை பல்பு.

"போன்ல யாருங்க?" என்றாள் மனைவி.

"யாரோ என்னைக் கொல்லப் போறாங்களாம்."

"கொல்ற அளவுக்கு நீங்க அவ்வளவு பெரிய ஆளா?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு."

சிரித்தார். ஆனால் கழுத்துக் கட்டியைத் தடவிய விரல்கள் சில்லிட்டிருந்தன.

திறமையான போலீஸ்காரர் இந்த இடத்தில் என்ன செய்வார்? போன் வந்த நம்பரைத் தேடுவார். யாரையும் நம்ப மாட்டார்.

நம் இன்ஸ்பெக்டர் வெளியே காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டரை உள்ளே கூப்பிட்டார்!

"தம்பி, நீ என் பக்கத்துலயே இருப்பா. யார் வந்தாலும் விடாதே."

"ஒரு ஈ கூட நுழையாது சார்!"

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டருக்குக் கொடுக்கும் புதுக் கேன்சர் மருந்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான். அதை ஏற்றிக்கொள்ளும் முதல் மனிதர் இன்ஸ்பெக்டர். இதற்கு முன் ஏற்றிக்கொண்டதெல்லாம் எலிகள்.

"கழுத்து அசையக் கூடாது சார்." தோளையும் கைகளையும் கட்டிலோடு பெல்ட் போட்டு இறுக்கினாள். "மருந்து முழுசா ஏறியாச்சு. உங்க ரத்தத்துல இப்ப கோடிக்கணக்கான குட்டி உருண்டைங்க சுத்துது. ஒரு தலைமுடி அகலத்துல ஆயிரம் உருண்டை வரிசையா நிக்கும்."

"அவ்வளவு சின்னதா? என் மூளைக்குச் சொந்தமோ?"

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் மருந்தைப் பூட்டி வெச்சிருக்கேன். சாவி இந்த மெஷினோட சிவப்பு வெளிச்சம். கட்டியில வெளிச்சம் விட்டா அங்க மட்டும் உருண்டை உடையும். வேற எங்கயும் பட்டுடக் கூடாது. வெயில்லயும் அந்தச் சிவப்பு உண்டு, அதான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பட்டா அந்த இடத்துலயே விஷம் கொட்டும். இருங்க, ஊசியை எடுத்துட்டு வந்துடறேன்."

டாக்டரம்மா போனாள். மனைவி முகம் கழுவக் குளியலறைக்குள் நுழைந்தாள். குழாய்த் தண்ணீர் சளசளத்தது.

க்ளிக்!

அறைக் கதவு தாழிடப்படும் சத்தம்.

"தம்பி... தாழ்ப்பாள் எதுக்கு?"

சப்-இன்ஸ்பெக்டர் மெஷினின் குழாயைக் கையில் எடுத்தான். இன்ஸ்பெக்டரின் கவுனை விலக்கினான். குழாயின் நுனியை நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

"மன்னிச்சிருங்க சார். வேற வழியில்ல."

"நீயா...?!"

"நேத்து ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க? 'அது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன், திரும்பி வந்து வெச்சுக்கறேன்'னு என்னையே பார்த்துச் சொல்லல? பள்ளிக்கூட வாத்தியாரைக் கார்ல அடிச்சுக் கொன்னுட்டு நிக்காமப் போனது நான்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு!"

இன்ஸ்பெக்டரின் கண்கள் விரிந்தன.

"அட ராமா! நான் சொன்னது என் சாப்பாட்டு டப்பாவைத் திருட்டுத்தனமாத் திறந்து தின்னவனைப் பத்திடா!"

"என்னது...?!"

"வாத்தியார் கேஸ்ல எனக்கு ஒரு இழவும் தெரியாது! மூணு மாசமா முட்டிக்கிட்டிருக்கேன். இப்ப நீ சொல்லித்தான்..."

சப்-இன்ஸ்பெக்டர் குழாயைச் சற்றே இறக்கினான். ஒரு கணம்தான்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சே சார்!"

பட்டனை அழுத்தினான்!

ரத்தச் சிவப்பாய் வெளிச்சம் நெஞ்சில் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் திமிறினார். பெல்ட் அசையவில்லை. வாத்தியாரின் விதவை ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற கோலம் கண்ணுக்குள் ஓடியது. 'கண்டுபிடிச்சும் சொல்ல முடியாமப் போறேனே...' முதல் முறையாக அவர் கண்ணில் நீர் கட்டியது.

"ஏய்ய்ய்...!" என்று அலறினார்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது.

ணங்ங்ங்...!

நோயாளிகளுக்கு வைக்கும் ஸ்டீல் பெட்பேன். மனைவியின் இரண்டு கைகளிலும். சப்-இன்ஸ்பெக்டரின் பின்மண்டையிலும்.

சுருண்டு விழுந்தான்.

அவள் மெஷினை அணைத்து, தாழ்ப்பாளைத் திறந்து, ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். ஓடி வந்த வார்டு பாய்கள் சப்-இன்ஸ்பெக்டரைத் துணியால் கட்டினார்கள். பின்னாலேயே டாக்டரம்மாவும் ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா! நெஞ்சு முழுக்க வெளிச்சத்தை அடிச்சுட்டான்! இவருக்கு இன்னும் எவ்வளவு நேரம்...?" மனைவியின் குரல் உடைந்தது.

டாக்டரம்மா நாடி பார்த்தாள். இதயத் துடிப்பைப் பார்த்தாள். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்த தோலைப் பார்த்தாள்.

சிரித்தாள்!

"இதயத்துக்கு ஒண்ணும் ஆகல. தோல் கொஞ்சம் புண்ணாகும். களிம்பு தர்றேன்."

"எப்படி?" இன்ஸ்பெக்டருக்கு நம்ப முடியவில்லை. "உங்க மருந்து ஃபெயிலா?"

"வெளிச்சம் உடம்புக்குள்ள ரொம்பத் தூரம் போகாது சார்! என் ஆராய்ச்சியில பெரிய தலைவலியே அதுதான். அதனாலதான் ஊசிக்குள்ள கண்ணாடி இழை வெச்சு, கட்டிக்கு உள்ளயே போய் வெளிச்சம் விடறேன். ஊசி இல்லாம இதயம் வரைக்கும் பாயும்னு இந்த ஆள் நம்பியிருக்கார். அனுமதி குடுத்த கமிட்டிகூட என் மருந்தை இவ்வளவு நம்பினதில்ல!"

அன்றே ஊசி போட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் கட்டி கரையத் தொடங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் சிறைக்குப் போனான். போன் செய்து எச்சரித்தது அவனுடைய மனைவி என்று பிறகு தெரிந்தது. வாத்தியாரின் விதவையிடம் இன்ஸ்பெக்டரே நேரில் போய்ச் சொன்னார், குற்றவாளியே வந்து சொல்லித்தான் தனக்குத் தெரிந்தது என்பது உட்பட.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று அந்த அறையில் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள்.

"அதுவுமில்லாம சார், உங்க நெஞ்சுல கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி. அதைத் தாண்டி எந்த வெளிச்சமும் போகாது."

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அதையேதான் சொல்றேன் டாக்டர்!" மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மனுஷனுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு!"

இன்ஸ்பெக்டர் கட்டிலில் கம்பீரமாகச் சாய்ந்தார்.

"கேட்டுக்கோ! இனிமே என் கொழுப்பை அடக்கணும்னு சொன்னே... கொலை முயற்சின்னு கேஸ் போட்டுருவேன்!"