மீன் தலை அவனைப் பார்த்தது

கல்யாண மண்டப வாசலில் இருந்த சோதிப்பான் "உடல்" என்று அறிவித்துப் பச்சை விளக்கைக் காட்டியதுமே வரவேற்பில் நின்ற பெண் பதறிப்போய் வணங்கினாள். மாசிலாமணிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. செங்டூ நகரில் வேலைக்கு வந்த இரண்டு வருடங்களில் அவனை யாரும் இப்படி வணங்கியதில்லை.

முதல் மேசையில், மணமகளின் அப்பாவுக்கு அருகில் உட்கார வைத்தார்கள். முழு மீன் ஒன்று வந்தது. பரிமாறியவர் தட்டைத் திருப்பித் திருப்பி, மீனின் தலை அவனைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனார். சுற்றிலும் எல்லோரும் சிரித்தபடி அவனையே பார்த்தார்கள். ஒருவர்கூடச் சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை.

ஏதோ வில்லங்கம் இருக்கிறது. அலுவலகத்தில் மணமகள் ஷியூலானுக்கு வரவேண்டிய தலைமைப் பதவி போன மாதம்தான் இவனுக்குப் போயிற்று. மறுவாரமே அழைப்பு. அதுவும் இத்தனை மரியாதையோடு! பழி தீர்க்க மீனில் எதையாவது கலந்திருந்தால்?

ஷியூலான் வந்தாள். காதிலிருந்த மொழிமாற்றி அவள் சீனத்தை நெல்லைத் தமிழில் சொன்னது.

"ஏன் அண்ணாச்சி, இன்னும் கை வைக்கல? மீன் தலை யாரைப் பாக்குதோ அவுக சாப்பிட்டாத்தான் மத்தவுக சாப்பிடலாம்."

"முதல்ல உங்க அப்பா சாப்பிடட்டும்" என்று சொல்லி, பெரியவரின் கையில் குச்சியைக் கொடுக்கப் போனான். அவன் விரல்கள் அந்தக் கையை ஊடுருவி மேசையில் முட்டின.

"அப்பா உருநிழல்தான் அனுப்பிருக்காரு. அம்மாவும்தான். எல்லாருமே" என்றாள். "சாப்பிடக் கூலிக்கு ஆள் தாரோம்னு மண்டபத்துல சொன்னாவ. நீங்க வாரேன்னு சொன்னதால வேண்டாம்னுட்டேன்."

வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. வெளிநாட்டுக்காரனுக்கு உருநிழல் உரிமம் கிடையாது. அதனால்தான் நேரில் வந்தான்.

அவன் அவசரமாக மீனைப் பிட்டு வாயில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. அவள் போகவில்லை.

"புதுப் பதவியோட உங்களுக்கும் உரிமம் வருதாமே. அது இப்பவே இருந்திருந்தாலும் நீங்களே வந்திருப்பியள்லா?"

"பின்னே?" என்றான். பச்சைப் பொய்.

அவள் அவன் முகத்தையே சற்று நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, நம்பிவிடுவோம் என்று முடிவு செய்தவளைப்போலச் சிரித்து, மணமகனையும் கைகாட்டி அழைத்தாள். காலி நாற்காலி எதுவும் இல்லை. தன் அத்தை இருந்த நாற்காலியிலேயே, அத்தையின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அத்தை சிரித்துக்கொண்டே இருந்தார்.